வாரம் பெர்சி: கோயில் சுவரின் வளைவுகளை ஏன் கல் வைத்து அடைத்தார்கள்?

தேன்மொழி | ஞாயிறு, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கிறேன். இன்று மகனை அழைத்துக்கொண்டு யார்க்‌ஷயர் வோல்ட்ஸ் மேட்டுநிலத்தில் உள்ள வாரம் பெர்சிக்குப் போய் வந்தேன். மால்டன் நகரிலிருந்து தென்கிழக்கே ஆறு மைல். காரை மேலே நிறுத்திவிட்டுச் சரிவில் இறங்கி நடக்க வேண்டும். நேற்றைய மழையில் வழியெல்லாம் சேறு. என் காலணி இனித் தேறாது.

ஒரு காலத்தில் ஊராக இருந்த இடம் இப்போது புல்வெளி. அங்கங்கே மேடும் பள்ளமுமாக இருக்கின்றன. மேடு சுவர் இருந்த இடம், பள்ளம் தெரு என்று அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். தரைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் இடைக்காலக் கட்டடம் புனித மார்ட்டின் கிறித்தவக் கோயில் ஒன்றுதான். கூரை இல்லை. கோபுரம் பாதிதான் நிற்கிறது. பக்கத்தில் ஒரு குளம்.

என் மகனுக்குப் பத்து வயது. அவன் பலகையைப் படிக்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, இங்கே பெரிய வளைவு இருக்கிறது. அதை ஏன் கல்லால் அடைத்துவிட்டார்கள்?" என்று கேட்டான். பார்த்தால் உண்மைதான். சுவருக்குள்ளேயே வளைவின் உருவம் தெளிவாகத் தெரிகிறது, உள்ளே முழுக்க வேறு கல். கொள்ளைநோயில் ஊரே செத்துப்போனதால் அடைத்திருப்பார்கள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் எனக்கே அந்தப் பதில் ஒட்டவில்லை. ஊரே செத்துப்போயிருந்தால் அடைத்தது யார்?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேள்விக்குறி | ஞாயிறு, இரவு 9.40

சகோதரி கோபித்துக்கொள்ள வேண்டாம். கூரையில்லாத கோயில்கள் இங்கிலாந்தில் ஏராளம். யார்க் நகரப் பேராலயம் அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. அந்தச் சன்னல் கண்ணாடிகளைப் பார்க்காமல் சேற்றில் இறங்கிப் பாதிக் கோபுரத்தைப் பார்க்க என்ன இருக்கிறது? இடிந்துபோன எல்லாவற்றுக்கும் "வரலாற்று முக்கியத்துவம்" என்று பலகை நட்டுவிடுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது.

சுண்ணாம்புக்காரை | ஞாயிறு, இரவு 10.25

நான் கட்டடப் பொறியாளன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் தொழில். இந்தக் கோயிலுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். கேள்விக்குறி நண்பருக்குப் பிறகு வருகிறேன், முதலில் பையனுக்குப் பதில்.

இந்த வகைக் கோயிலில் மக்கள் நிற்கும் இடம் நடுக்கூடம். கிழக்கே பீடம் இருக்கும் பகுதி. மேற்கே கோபுரம். கூட்டம் பெருகினால் நடுக்கூடத்தின் பக்கச் சுவருக்கு வெளியே தாழ்வாரம் இறக்குவதுபோல ஒரு பக்கக்கூடம் கட்டுவார்கள். உள்ளே இருப்பவர்கள் அதற்குள் போக வழி வேண்டுமல்லவா? அதற்காகப் பழைய சுவரை உடைத்துத் தூண்களும் வளைவுகளுமாக மாற்றுவார்கள். ஆக, வளைவு இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் ஒரு கூடம் இருந்தது என்று பொருள்.

வாரம் பெர்சியில் தெற்கே 12ஆம் நூற்றாண்டிலும் வடக்கே 13ஆம் நூற்றாண்டிலும் பக்கக்கூடங்கள் எழுந்தன. பிறகு ஒரு சிற்றாலயமும் ஒட்டிக்கொண்டது. அதன்பின் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. ஆள் குறைந்தது, காசு குறைந்தது. வெறுமையாகக் கிடக்கும் கூடத்துக்கு யார் ஈயக் கூரை மாற்றுவது, யார் மரச்சட்டம் மாற்றுவது? இடைக்காலத்தின் முடிவிலும் அதை அடுத்தும் பக்கக்கூடங்களை இடித்துவிட்டு வளைவுகளை அடைத்தார்கள். இடித்த கூடத்தின் சன்னல்களையே எடுத்து அடைப்புச் சுவரில் பொருத்திக்கொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் பீடப் பகுதியையும் வெட்டிக் குறுக்கினார்கள்.

வளரும் பிள்ளையின் சட்டைக்குத் தையல் பிரித்துவிடுவோம், அதே சட்டை தம்பிக்கு வரும்போது பிடித்துத் தைப்போம் இல்லையா? பையன் பார்த்தது அந்தத் தையலைத்தான். முதலில் வளர்ந்த சட்டை, பிறகு சுருங்கிய சட்டை. இரண்டு தையலும் ஒரே துணியில்.

தேன்மொழி | ஞாயிறு, இரவு 10.41

அவன் தூங்கிவிட்டான். காலையில் சட்டைக் கதையைச் சொல்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. பீடத்தை 17ஆம் நூற்றாண்டில் குறுக்கினார்கள் என்கிறீர்கள். அப்போது அங்கே ஊரே இல்லையே?

பழைய ஏடு | திங்கள், காலை 6.05

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். விடியற்காலையில் எழுந்து இந்த இழையைப் பார்த்தேன், காப்பி ஆறிப்போய்விட்டது.

மகளே, நீ மகனிடம் சொன்னதைத்தான் அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் சொல்கிறார்கள். கொள்ளைநோய் வந்தது, ஊர் அழிந்தது என்று. 1348-49இல் வந்த அந்த நோய் யார்க்‌ஷயரை உலுக்கியது உண்மை. வாரம் பெர்சியிலும் பலர் மாண்டிருப்பார்கள். ஆனால் ஊர் அதோடு முடியவில்லை. நோய்க்குப் பிந்தைய ஆவணங்களிலும் அங்கே குடியிருந்த வீடுகள் பதிவாகியிருக்கின்றன. ஊரை முடித்தது ஆடு.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நோய்க்குப் பிறகு ஆள் பற்றாக்குறை, கூலி ஏறிவிட்டது. உண்பவர் குறைந்ததால் தானியத்துக்கு விலை இல்லை. கம்பளிக்கோ நல்ல விலை. உழவு வேலைக்கு இருபது குடும்பம் வேண்டும், ஆட்டு மந்தைக்கு ஒரு மேய்ப்பனும் ஒரு நாயும் போதும். நிலவுடைமையாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பெர்சி குடும்பத்துக்குப் பிறகு ஊர் ஹில்டன் குடும்பத்தின் கையில் இருந்தது. குடிகள் ஒவ்வொன்றாக வெளியேற, கடைசியாக மிஞ்சியவர்களையும் 1500ஐ ஒட்டி அகற்றிவிட்டார்கள். 1517இல் அரசு நடத்திய விசாரணையில் இந்த ஊருக்கு எழுதியிருப்பது ஒரே வரி: நான்கு ஏர் நிறுத்தப்பட்டது, நான்கு வீடு பாழாக விடப்பட்டது. பல நூற்றாண்டு வாழ்ந்த ஊருக்கு அரசாங்கம் எழுதிய இரங்கற்பா அவ்வளவுதான்.

இப்போது உன் கேள்வி. ஊர் போனபின் கோயிலைத் திருத்திக் கட்டியது யார்? அந்தக் கோயில் வாரம் பெர்சி ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அது பங்குக் கோயில், அதாவது பல ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டாரத்துக்குப் பொதுவான கோயில். திக்சன்டேல், ரெய்ஸ்தார்ப், பர்டேல், டவுதார்ப் ஆகிய ஊர்களும் அதே பங்கில் அடக்கம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் அங்கேதான் போக வேண்டும், திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் அங்கேதான். நடுவில் இருந்த ஊர் மறைந்தது. சுற்றியிருந்த ஊர்கள் எல்லாமே அதோடு மறைந்துவிடவில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஆடு மேயும் வெறும் தெருவைக் கடந்து ஞாயிறுதோறும் கோயிலுக்கு வந்தார்கள், ஏறத்தாழ 350 ஆண்டு. 1870இல் திக்சன்டேலுக்கென்று தனிக் கோயில் எழுந்தபின்தான் கூட்டம் மெலிந்தது. அப்போதும் மூடவில்லை. கடைசி வழிபாடு நடந்தது 1949இல்.

ஊர் செத்து நான்கரை நூற்றாண்டுக்குப் பிறகு!

மரியசெல்வம் | திங்கள், காலை 7.30

பழைய ஏடு ஐயாவுக்கு வணக்கம். "பங்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அப்பா வழி கத்தோலிக்கர், அம்மா வழி தென்னிந்தியத் திருச்சபை. அப்பா "பங்கு" என்பார், அம்மா "சேகரம்" என்பார். இந்தக் கோயிலுக்கு எது சரி?

பழைய ஏடு | திங்கள், காலை 7.52

இரண்டும் சரி தம்பி, காலம்தான் வேறு. 1534இல் எட்டாம் ஹென்றி ரோமிலிருந்து பிரிந்து தன்னையே இங்கிலாந்துத் திருச்சபைத் தலைவர் என்று சட்டமாக்கிக்கொண்டார் அல்லவா? அதற்கு முன்பு அது உன் அப்பாவின் பங்கு. பின்பு உன் அம்மாவின் சேகரம். கல் மாறவில்லை, அதே சுவருக்குள் திருப்பலி நின்று ஆங்கிலத் திருவழிபாடு வந்தது. உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் அந்தக் கோயிலுக்குள்ளும் நடந்திருக்கும்.

கேள்விக்குறி | திங்கள், காலை 9.15

ஐயா சொன்ன ஆட்டுக் கதை நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதெல்லாம் ஏட்டில் இருப்பது. 1517 விசாரணை ஏட்டைப் படித்தால் போதுமே. அந்தக் கல் சுவர் நமக்குப் புதிதாக என்ன சொல்கிறது? ஏடு சொல்லாத எதையாவது சொல்லட்டும், நானே அடுத்த வாரம் போகிறேன்.

சுண்ணாம்புக்காரை | திங்கள், காலை 9.58

பந்தயம் ஏற்கப்பட்டது. 1962 முதல் 1974 வரை அந்தக் கோயிலின் தரையை உள்ளும் புறமுமாக அகழ்ந்தார்கள். பொதுவாகப் பங்குக் கோயில்களில் இது முடியாது. வழிபாடு நடக்கும், தரைக்கடியில் கல்லறை இருக்கும், யாரும் கடப்பாறையைத் தொட விடமாட்டார்கள். இங்கே கூரையே இல்லை என்பது அகழ்வோருக்கு வசதியாகப் போயிற்று. நீங்கள் குறையாகச் சொன்ன அதே கூரை.

தரைக்கடியில் கிடைத்தது என்ன? இன்றைய சுவர்களுக்கு அடியில் மரத்தூண் நட்ட குழிகள். 10ஆம் நூற்றாண்டில் அங்கே மரத்தாலான சிறு கோயில் இருந்திருக்கிறது. அதன்மேல் சிறிய கற்கோயில். அதன்மேல் பெரிய கற்கோயில். அதன்பிறகுதான் நான் சொன்ன பக்கக்கூடங்கள். மரக்கோயிலைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு சொல் கிடையாது. 1086இல் வில்லியம் மன்னர் எடுத்த நிலக்கணக்கில் ஊர் இருக்கிறது, இந்த மரக்கோயில் இல்லை.

எப்போது போகிறீர்கள்?

கேள்விக்குறி | திங்கள், காலை 10.10

சனிக்கிழமை. மழை இல்லையென்றால்.

நள்ளிரவு | திங்கள், பகல் 12.33

யாரும் பேய்களைப் பற்றிப் பேசவே இல்லையே! அந்த ஊரில் செத்தவர்கள் எழுந்து நடக்கக் கூடாது என்று பிணத்தை வெட்டி எரித்தார்கள் என்று படித்தேன். உண்மையா? அக்கா, பையனை அழைத்துக்கொண்டு அங்கேயா போனீர்கள்?

தேன்மொழி | திங்கள், பகல் 12.50

நல்லவேளை, போகும் முன்பு நீங்கள் சொல்லவில்லை.

செண்பகம் | திங்கள், மாலை 6.20

நான் மருத்துவர். எலும்பு பற்றிய ஆய்வுகளைப் பொழுதுபோக்காகப் படிப்பேன். நள்ளிரவு சொன்னதில் பாதி சரி, ஆனால் வரிசையாகச் சொல்ல வேண்டும். முதலில் பேயை ஒதுக்கி வைப்போம், அதைவிடச் சுவையான சங்கதி இருக்கிறது.

கோயிலிலும் கல்லறைத் தோட்டத்திலும் 687 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. நாட்டுப்புற உழவர்களின் எலும்பு இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. மன்னர்களுக்குச் சிலை இருக்கிறது, துறவிகளுக்கு வரலாறு இருக்கிறது. ஏர் பிடித்தவனைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் வரி ஏட்டில் ஒரு பெயர், அதுவும் பெரும்பாலும் ஆண் பெயர். இங்கே பெண்களும் குழந்தைகளும் அவர்களுடைய நோய்களோடு கிடைத்திருக்கிறார்கள்.

சிறுவர்களைப் பாருங்கள். பல்லை வைத்து வயதைக் கணக்கிடலாம், கால் எலும்பை வைத்து உயரத்தைக் கணக்கிடலாம். அங்கே 14 வயதுப் பிள்ளையின் உயரம் இன்றைய 10 வயதுப் பிள்ளையின் உயரத்துக்குச் சமம். தேன்மொழி, உங்கள் மகன் அந்தத் தெருவில் நடந்திருந்தால் பதினான்கு வயதுப் பையன்கள் அவன் தோளில் கைபோட்டு விளையாடக் கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் வளர்ந்த பெரியவர்களின் உயரம் இன்றையவர்களைவிட அவ்வளவு குறைவில்லை. மெதுவாக, நெடுநாள் வளர்ந்திருக்கிறார்கள். ஊட்டக்குறைவும் அடிக்கடி வந்த நோயும் காரணம்.

கைக்குழந்தைகளின் எலும்பில் கனமான வகை நைட்ரஜன் எவ்வளவு என்று அளந்து பார்த்தார்கள். தாய்ப்பால் குடிக்கும்வரை அந்த அளவு தாயைவிட உயர்ந்திருக்கும், நிறுத்தினால் இறங்கும். அங்கே ஏறத்தாழ ஒன்றரை வயதுவரை பால் கொடுத்திருக்கிறார்கள். அடுத்தது காசநோய். மாட்டோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களுக்கு மாட்டு வகைக் கிருமிதான் வந்திருக்கும் என்று எண்ணினார்கள். எலும்பில் மிஞ்சிய மரபணுவைச் சோதித்தால் மனித வகை. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றியது.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஒரு நாற்பது வயதுக்காரர். காலம் 960க்கும் 1100க்கும் இடையில். யாரோ தலையில் மொத்தையான ஏதோ ஒன்றால் அடித்திருக்கிறார்கள், மண்டையோடு உள்ளே அமுங்கிவிட்டது. யாரோ இன்னொருவர் தோலைக் கீறி, உடைந்த எலும்பைச் சுற்றிச் சுரண்டி எடுத்து அழுத்தத்தைக் குறைத்திருக்கிறார். மயக்க மருந்து கிடையாது, கிருமிநாசினி கிடையாது. எலும்பு விளிம்பு ஆறி மழுங்கியிருக்கிறது. அதாவது மனிதர் பிழைத்துப் பல காலம் வாழ்ந்திருக்கிறார். மேட்டுநிலத்து மூலையில் ஓர் உழவருக்கு இதைச் செய்யத் தெரிந்த கை இருந்தது. அதை எந்த ஏடு சொன்னது, கேள்விக்குறி?

நள்ளிரவு | திங்கள், மாலை 6.41

அக்கா, பேய்?

செண்பகம் | திங்கள், மாலை 7.30

வருகிறேன், அவசரப்படாதே.

2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வரலாற்றுச் சின்னங்களுக்கான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பும் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகமும் செய்தது. 137 எலும்புகள், குறைந்தது பத்துப் பேருடையவை. 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை வெவ்வேறு காலத்தவர். சிறு குழந்தை முதல் ஐம்பது தாண்டியவர் வரை உண்டு. எலும்புகளில் கத்தித் தடங்கள், எரிந்த தடங்கள், உடைத்த தடங்கள். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இவை கல்லறைத் தோட்டத்தில் கிடைக்கவில்லை. ஊருக்குள் வீட்டு மனைகளுக்கு இடையே ஒரு குழியில் கிடைத்தன.

பஞ்ச காலத்தில் பசிக்கு மனிதரைத் தின்றார்களா என்று பார்த்தார்கள். இறைச்சிக்காக வெட்டினால் தடங்கள் பெரிய மூட்டுகளிலும் தசை ஒட்டும் இடங்களிலும் இருக்கும். இங்கே தலையிலும் கழுத்திலும் குவிந்திருக்கின்றன. வெளியூர்க்காரர்களை வெறுத்துச் செய்தார்களா? சிறுவயதில் வளர்ந்த மண்ணிலிருந்து பல்லில் சேரும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தைச் சோதித்தால் அதே வட்டாரத்தில் வளர்ந்தவர்கள். எனவே செத்தவர் எழுந்து வந்து ஊருக்குத் தீங்கு செய்வார் என்ற அச்சத்தில் பிணத்தைச் சிதைத்திருக்கலாம் என்பதே கிடைத்த தடயங்களுக்கு அதிகம் பொருந்துகிறது என்றார்கள்.

பழைய ஏடு | திங்கள், இரவு 8.15

அந்த அச்சம் கற்பனை இல்லை. 12ஆம் நூற்றாண்டில் இதே யார்க்‌ஷயரில் வாழ்ந்த நியூபர்க் வில்லியம் என்ற துறவி தம் வரலாற்று நூலில் கல்லறையிலிருந்து எழுந்து திரிந்த பிணங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். தோண்டியெடுத்து எரித்த பிறகே ஊர் அமைதியானதாம். சிரிக்காமல், சாட்சி சொல்லும் குரலில் எழுதுகிறார்.

கேள்விக்குறி | திங்கள், இரவு 8.32

இங்கேதான் நான் நிறுத்துகிறேன். ஒரு துறவி எழுதிய கதை, ஒரு குழியில் கொஞ்சம் எலும்பு. இரண்டையும் முடிச்சுப் போட்டால் செய்தித்தாளுக்குத் தலைப்பு கிடைக்கும். பத்துப் பேரும் வெவ்வேறு நூற்றாண்டு என்கிறீர்கள். அப்படியானால் ஒரே குழிக்கு எப்படி வந்தார்கள்? முன்பே வேறெங்கோ கிடந்ததை ஒருவர் பின்னால் அள்ளிப் போட்டிருக்கலாமே?

செண்பகம் | திங்கள், இரவு 9.04

நியாயமான கேள்வி. எலும்புகள் முதலில் வேறெங்கோ இருந்து பிறகு இந்தக் குழிக்கு வந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது. ஆய்வாளர்களும் "நிரூபித்துவிட்டோம்" என்று மார்தட்டவில்லை. செய்தித்தாள்கள் தட்டின. ஆனால் ஒன்று. யார் அள்ளிப் போட்டிருந்தாலும் கத்தித் தடமும் நெருப்புத் தடமும் அதற்கு முன்பே வந்தவை. புனித மண்ணில் மற்றவர்களை முறைப்படி அடக்கம் செய்த அதே ஊர்தான் சிலரை மட்டும் இப்படி நடத்தியிருக்கிறது. அந்த வேறுபாடு கோயில் கல்லறையும் அகழப்பட்டதால்தான் நமக்குத் தெரிகிறது. குழி மட்டும் கிடைத்திருந்தால் இந்த ஊரில் எல்லோரையுமே இப்படித்தான் செய்தார்கள்போலும் என்று எழுதியிருப்பார்கள்.

கேள்விக்குறி | திங்கள், இரவு 9.11

இது நல்ல பதில்.

இழைக்காவலர் | திங்கள், இரவு 9.30

நண்பர்களே, பேய்ப் படங்களின் பட்டியல் வேண்டாம். அத்தகைய நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நள்ளிரவு, உங்களைத்தான்.

மரியசெல்வம் | செவ்வாய், காலை 7.10

687 பேரைத் தோண்டி எடுத்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது. என் பாட்டியின் கல்லறையை யாராவது "ஆய்வு" என்று திறந்தால் நான் விடுவேனா? அவர்கள் உயிர்த்தெழுதலை நம்பி அங்கே படுத்தவர்கள். பல்லை உடைத்துச் சோதிப்பதற்காகப் படுக்கவில்லை.

செண்பகம் | செவ்வாய், காலை 8.02

உங்கள் உறுத்தல் எனக்கும் உண்டு, மறைக்க மாட்டேன். காசநோய்ப் பகுதியைப் படிக்கும்போது அது "மாதிரி" இல்லை, ஒரு தாய் என்று சில நேரம் நினைவு வரும். ஆனாலும் அந்தத் தாயைப் பற்றி இதுவரை உலகில் யாருமே ஒரு வார்த்தை சொன்னதில்லை. எலும்பு சொன்னது. இந்தத் தராசை என்னால் நேராக நிறுத்த முடியவில்லை.

பழைய ஏடு | செவ்வாய், காலை 8.40

அகழ்ந்தவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஏதோ அரசு இயந்திரம் வந்து தோண்டியது என்று எண்ணுவீர்கள். தொடங்கியவர் மாரிஸ் பெரஸ்ஃபோர்ட், லீட்ஸ் பல்கலைக்கழகத்துப் பொருளாதார வரலாற்றாளர். அகழாய்வு அவர் படித்த துறை இல்லை. 1948இல் இந்த இடத்தைப் பார்த்தார், 1950இல் மண்வெட்டியை எடுத்தார். ஏட்டில் இருக்கும் ஊர் ஏன் தரையில் இல்லை என்பதுதான் அவர் கேள்வி. 1952இல் ஜான் ஹர்ஸ்ட் என்ற தொல்லியலாளர் சேர்ந்துகொண்டார். அன்றிலிருந்து 1990 வரை கோடைதோறும் சில வாரம், தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு. மாணவர்களும் ஆசிரியர்களும் குடும்பத்தோடு வந்து தங்கினார்கள்.

அவர்கள் தவறும் செய்தார்கள். உழவர் வீடுகள் வலுவற்றவை, தலைமுறைக்கு ஒருமுறை இடித்துக் கட்டப்பட்டவை என்று முதலில் எழுதினார்கள். 1980களின் இறுதியில் ஸ்டூவர்ட் ராத்மெல் அதே சான்றுகளைத் திரும்பப் பார்த்து, இல்லை, வளைந்த பெரிய மரச்சட்டங்கள் தாங்கிய உறுதியான வீடுகள், சுவர் மட்டும்தான் அடிக்கடி மாறியது என்று காட்டினார். ஏழை என்றால் குடிசைதான் என்று படித்தவர் மனத்தில் இருக்கும் எண்ணம் மண்ணுக்குள்ளும் குடிசையைத்தான் கண்டது.

இங்கிலாந்து முழுக்க இப்படிக் கைவிடப்பட்ட இடைக்கால ஊர்கள் ஏறத்தாழ 3,000 என்று கணக்கு. நாற்பது கோடை யாரும் உட்கார்ந்து பார்த்தது இந்த ஓர் ஊரைத்தான்.

சுண்ணாம்புக்காரை | செவ்வாய், பகல் 1.15

என் பங்குக்கு ஒரு புலம்பல். 1949இல் கடைசி வழிபாடு. அதன்பின் கவனிப்பார் இல்லை, கூரை ஈயம் பறிபோனது. ஈயம் போனால் மழை மரத்தில் இறங்கும், மரம் உளுத்தால் சுவரின் தலை திறந்துவிடும். பழைய கற்சுவர் என்றால் இரண்டு முகத்திலும் நல்ல கல், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புக் காரையும். தலை திறந்த சுவருக்குள் தண்ணீர் இறங்கினால் நடுக்காரை கரையும், பனிக்காலத்தில் உறைந்து விரியும், இரண்டு முகமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். 1959 டிசம்பரில் கோபுரத்தின் ஒரு பாதி சரிந்தது. மூட்டை மூட்டையாய்க் கம்பளி விற்ற காலத்திலும் நின்ற கோபுரம், பத்தே ஆண்டுக் கவனக்குறைவைத் தாங்கவில்லை.

இப்போது பழைய சின்னங்களைப் பாதுகாக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. சுவரின் தலையை மூடிக் காரை பூசியிருக்கிறார்கள், நல்ல வேலை. கூரை போட்டு மீட்க வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. நான் ஒப்ப மாட்டேன். எந்தக் காலத்துக் கூரை போடுவது? பக்கக்கூடத்தோடா, இல்லாமலா? ஏதாவது ஒரு தையலை மறைத்தே தீர வேண்டிவரும்.

கேள்விக்குறி | சனி, மாலை 5.50

போய் வந்தேன். மழை பெய்தது, இருந்தாலும் போனேன். வளைவைப் பார்த்தேன். அடைப்புக்குள் இருக்கும் சன்னலையும் பார்த்தேன். சுண்ணாம்புக்காரை சொல்லியிருக்காவிட்டால் கடந்து போயிருப்பேன். யார்க் பேராலயம் இன்னும் அழகுதான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அங்கே நான் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. இங்கே ஒரு மணி நேரம் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரு மாடும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

தேன்மொழி | ஞாயிறு, இரவு 8.25

நாங்களும் இன்று மறுபடி போனோம். இந்த முறை பழைய ஏடு ஐயா சொன்னதைச் சோதிக்கலாம் என்று திக்சன்டேலில் காரை நிறுத்திவிட்டு அங்கிருந்து மேட்டுப் பாதையில் நடந்தோம். மூன்று மைலுக்கு மேல். ஏற்றம், இறக்கம், எதிர்க்காற்று. புதுக் காலணி கடித்தது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று.

வரும் வழியில் அவனிடம், இப்படித்தான் அந்த ஊர்க்காரர்கள் கோயிலுக்கு வந்தார்கள் என்றேன். "ஒவ்வொரு ஞாயிறுமா?" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். பிறகு, "செத்துப்போனவர்களையும் இந்த வழியாகத்தான் தூக்கி வந்தார்களா?" என்றான். கோயில் 1870 வரை அவர்களுக்கும் அதுதானே, வேறு வழி ஏது என்றேன்.

கோயிலுக்குள் நுழைந்ததும் நேராக அந்தச் சுவருக்குப் போனான். அடைத்த வளைவுக்கு அந்தப் பக்கம் புல்லில் நின்றுகொண்டு, "அம்மா, நான் இப்போது உள்ளே இருக்கிறேனா, வெளியே இருக்கிறேனா?" என்று கத்தினான்.

சுண்ணாம்புக்காரை அண்ணா, இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சுண்ணாம்புக்காரை | ஞாயிறு, இரவு 9.02

எந்த ஆண்டு என்று கேட்டுச் சொல்லுங்கள்.